சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது

சேலத்துக்காரர்கள் ஏற்காட்டில் ராத்திரி தங்குவதில்லை. தங்குகிறவர்கள் சென்னை, பெங்களூரு ஆட்கள். நாங்கள் காலையில் வண்டியை எடுப்போம். அடிவாரத்தில் ஒரு டீ, 20 கொண்டை ஊசி வளைவு, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே நம் ஊரில் நம் தெரு எங்கே என்று விரல் நீட்டி ஒரு சண்டை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுவோம். அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றாலே சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். தெரிகிற மலைக்கு எதற்கு வாடகை?

அம்மா கேட்டதும் அதைத்தான். "ஏண்டா, நம்ம ஊட்டு மாடியில இருந்து பாக்கற மலைக்கு இருவத்தஞ்சாயிரமா?"

இருபத்தைந்தாயிரம் ஆன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன டிசம்பர், அரையாண்டு விடுமுறை. பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு ஓர் ஆசை. எல்லோரும் ஒரே வீட்டில் தங்க வேண்டும், ஓட்டலில் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கக் கூடாது, சமைத்துச் சாப்பிட வேண்டும், ராத்திரி உட்கார்ந்து பேச வேண்டும். அம்மா, அத்தை, நான், மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள், அக்கா, மாமா, அவர்களின் இரண்டு பிள்ளைகள். மொத்தம் பத்துப் பேர். அத்தைக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் பேச்சு கேட்காது.

ஓர் ஆப்பில் வீடு தேடினேன். பெயர் வேண்டாம். எல்லா ஆப்பிலும் இந்தக் கதைதான் என்று பிறகு பலர் சொன்னார்கள். காபித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு, முன்னால் புல்வெளி, திண்ணையில் பிரம்பு ஊஞ்சல், தூரத்தில் மூடுபனி. ஓர் இரவுக்கு 6,800 ரூபாய். பத்துப் பேருக்கு இந்த விலை என்றால் சும்மா கொடுப்பது மாதிரி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அக்காவுக்கு அனுப்பினேன், அக்கா பிள்ளைகளுக்குக் காட்டினாள். அந்த ஊஞ்சலில் யார் முதலில் ஆடுவது என்று பெங்களூரில் சண்டை தொடங்கிய பிறகுதான் நான் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனேன்.

இரண்டு இரவுக்கு 13,600. சரி. சுத்தம் செய்யும் கட்டணம் 1,500. ம். ஆறு பேருக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 600, ஆக நான்கு பேருக்கு 4,800. தேடும்போதே பத்துப் பேர் என்று போட்டுத்தான் தேடினேன். அப்போது இந்த 600 எங்கே போயிருந்தது? அதற்குக் கீழே சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து இன்னொரு 5,270. மொத்தம் 25,170. ஓர் இரவுக்கு 12,585. 6,800 ரூபாய் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டவன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையுள்ள வீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இடையில் எந்த இடத்திலும் நான் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் ஏறிய தொகை, திரும்பிப் போகும் அளவுக்குப் பெரியதாக இல்லை. அதுதான் இதன் சூட்சுமம்.

இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையேற்றுவதற்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டிரிப் பிரைசிங், அதாவது சொட்டு விலை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' என்று 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, இணைய வணிகத்தில் இவை கூடாது என்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. 'இன்னும் ஓர் அறைதான் மிச்சம், இப்போது 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று பொய்யாகப் பதறவைப்பது இன்னொன்று. (ஓட்டல் தளங்கள் இதில் குறைந்தவை அல்ல. அந்த 14 பேரும் எனக்காகவே வேலைக்கு வைக்கப்பட்டவர்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.) அமெரிக்காவில் 2025 மே மாதத்திலிருந்து, தங்குமிடங்களும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளும் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நமக்கும் 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் அழைத்தேனா என்றால், இல்லை. ஊஞ்சல் சண்டை அவ்வளவு தூரம் முற்றியிருந்தது.

விலையைக்கூட விட்டுவிடலாம். எங்கே என்பதுதான் பெரிய புதிர். இந்த ஆப்களில் பணம் கட்டும் வரை வீட்டின் சரியான இடத்தைக் காட்டுவதில்லை. வரைபடத்தில் ஒரு வட்டம் வரும், அந்த வட்டத்துக்குள் எங்கேயோ வீடு இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரரின் பாதுகாப்புக்காக என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் சமவெளியில் வட்டம் வட்டம்தான். மலையில் ஒரு வட்டத்துக்குள் ஒரு மேடு, ஒரு பள்ளம், ஓர் ஓடை, வண்டி போகாத நான்கு சரிவு இருக்கும். 'ஏரியிலிருந்து 10 நிமிடம்' என்று போட்டிருந்தது. காக்கைக்கு 10 நிமிடம். எங்களுக்கு, நாகலூர் போகும் வழியில் பிரிந்து, தோட்டத்துக்குள் மண் பாதையில் இறங்கி, 35 நிமிடம்.

மண் பாதை முடிந்த இடத்தில் ஒரு கேட். ஆள் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. நெட்வொர்க் வேறு ஒரு கோடு, அரைக் கோடு என்று ஆடியது. கொஞ்சம் மேலே ஏறி நின்றபோது ஆப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது: 'வருக! சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. இனிய தங்கலுக்கு வாழ்த்துகள்.'

மீட்டர் பெட்டி வாசலில் இருந்தது. வாசல் மேலே இருந்தது. மேலே போக 31 படி. எண்ணியது நான் இல்லை, அத்தை. படங்களில் புல்வெளி இருந்தது, ஊஞ்சல் இருந்தது, காபிக் கோப்பையிலிருந்து ஆவி பறந்தது, ஒரு படிக்கட்டைக்கூடக் காணோம். படி ஒழுங்கற்ற கருங்கல், கைப்பிடி கிடையாது. மாமாவும் நானும் அத்தையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஏற்றினோம். பத்தாவது படியில் நின்று, "உங்க கல்யாணத்துக்குத் திருப்பதி ஏறினப்பகூட இப்படி இல்லடா" என்றார். பாசிபிடித்த அந்த மீட்டர் பெட்டியைத் திறந்தால், ஃப்யூஸ் கட்டைக்குப் பக்கத்தில், ஆவின் பால் கவரில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு, சாவி. மழைத்தண்ணீர் படக் கூடாது என்று யாரோ அக்கறையாகச் செய்த வேலை. அந்தப் பால் கவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வீடு மோசமில்லை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடம் பெரியது, படுக்கை சுத்தம், ஊஞ்சல் இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, அவ்வளவுதான். சமையலறையில் பாத்திரம் பண்டம் எல்லாம் இருந்தன. இரண்டு மணி வாக்கில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்தார், அந்தப் பக்கத்து மலைக்காரர். காபி அறுவடைக் காலம், களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது, அதைக் கிளறிவிட்டு வருவதற்குள் நேரமாகிவிட்டது என்றார். கையெல்லாம் காபிப் பழத்தின் சாறு காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. அதே கையால் அத்தைக்கு ஒரு நாற்காலியைத் தூக்கி வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் களத்துக்கே ஓடிப்போய்ப் பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரச்சினை மறுநாள் காலை தொடங்கியது. டிசம்பர் ஏற்காட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். இரண்டு கீசர்களில் ஒன்று வேலை செய்யவில்லை, மற்றது போட்டால் டிரிப் ஆனது. அண்ணனிடம் சொன்னேன். "ஓனர்கிட்டச் சொல்லணுங்க சார். ஆளு கூட்டியாற எனக்குச் சொல்லலீங்க, காசும் எங்கிட்ட இல்லீங்க" என்றார். ஓனருக்குப் போன் செய்தேன். அவர் பெங்களூரில். மிக மரியாதையாகப் பேசினார். "சார், எதுவா இருந்தாலும் ஆப்ல மெசேஜ் போட்டுடுங்க, அப்பதான் ரெக்கார்டு இருக்கும்." ஆப்பில் போட்டேன். ஆப்பின் உதவி மையம் பதில் அனுப்பியது: உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், முதலில் வீட்டு உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும். உரிமையாளரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்படியானால் 24 மணி நேரத்துக்குள் பதில் வரும் என்றது. 24 மணி நேரத்தில் நாங்கள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

மூன்று பேர். மூவரும் நல்லவர்கள், மூவரும் பணிவாகப் பேசினார்கள். ஒருவரிடமும் வெந்நீர் இல்லை. கடைசியில் அண்ணன் வெளியில் மூன்று கல் கூட்டி, சில்வர் ஓக் சுள்ளி போட்டு, அண்டாவில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். பத்துப் பேரும் குளித்து முடிக்க மதியம் பன்னிரண்டு. கரிபிடித்த அந்த அண்டாவுக்கு எந்த ரசீதிலும் இடமில்லை. அவருக்கு 500 ரூபாய் கொடுத்தேன், வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

வெந்நீர் காய்கிற நேரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த வீட்டை ஆப்பில் 'ஹோம்ஸ்டே' என்று போட்டிருந்தார்கள். மண் பாதையில் வரும் வழியிலும் அப்படி நாலைந்து பலகை பார்த்தோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்கு ஹோம்ஸ்டே பதிவுத் திட்டம் ஒன்று உண்டு. ஒன்று முதல் ஆறு அறை, அதிகபட்சம் 12 படுக்கை, சில்வர், கோல்டு என்று இரண்டு தரம். அதில் ஒரு நிபந்தனை: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பெயரே அதுதானே? ஒருவர் வீட்டில் போய் நாம் தங்குவது. இந்த வியாபாரம் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணமான ஏர்பிஎன்பியும் அப்படித்தான் தொடங்கியது. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் தடுமாறிய இரண்டு பேர், ஊரில் மாநாடு நடந்து ஓட்டல்கள் நிரம்பியிருந்தபோது, தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தையைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள், காலை உணவும் கொடுத்தார்கள். மெத்தையில் காற்று இறங்கினால் சொல்வதற்கு ஆள் அதே வீட்டில் இருந்தார்.

நாங்கள் தங்கிய வீட்டில் ஹோமும் இருந்தது, ஸ்டேயும் இருந்தது. வீட்டுக்காரர்தான் இல்லை.

அன்று மதியம் அத்தை சொல்லிவிட்டார். இன்னொரு ராத்திரி இங்கே முடியாது, அந்தப் படியில் இன்னொரு தடவை ஏறினால் இறங்குவது நாலு பேர் தோளில்தான் என்று. இரண்டாம் இரவுக்கான பணம் திரும்பாது. ரத்து செய்வதென்றால் வருவதற்கு ஏழு நாள் முன்பே செய்திருக்க வேண்டும். அம்மாவையும் அத்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் வந்தேன். விடுமுறைக் கூட்டம். முதல் இரண்டு ஓட்டலில் இடமில்லை. மூன்றாவது, மூன்று மாடிப் பழைய கட்டடம், நிறம் போன பலகை. கவுண்டரில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், முன்னால் நீளமான நோட்டு, பக்கத்தில் ஊதுபத்தி.

"ரூம் இருக்குங்களா?"

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. பெரியவங்க. கீழ் ரூமா வேணும், வெந்நீர் வரணும்."

அவர் முதலில் அத்தையின் காலைப் பார்த்தார். அப்புறம் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பையனிடம் கொடுத்தார். "போய் ரூமைப் பாத்துட்டு வாங்க. புடிச்சிருந்தா என்ட்ரி போடலாம்."

எனக்கு அந்த இடத்தில் ஏறக்குறைய கண்ணீர் வந்துவிட்டது. பார்த்துவிட்டு வாங்க! பையன் குழாயைத் திறந்து காட்டினான், தண்ணீர் சுடும் வரை நின்றான். மெத்தை கொஞ்சம் குழிவிழுந்திருந்தது, சுவரில் ஒரு மூலையில் ஓதம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனிக்குப் பதில் பக்கத்து ஓட்டலின் தண்ணீர்த் தொட்டி. அத்தை கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்து, "போதும்" என்றார். வாடகை 2,400, வரி 120, மொத்தம் 2,520. ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, அதையும் அவரே சொன்னார், ஏதோ தானே குறைத்த மாதிரி. கவுண்டரில் சொன்ன விலைதான் பில்லில் இருந்தது.

ஓட்டலைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோடை விழா சமயத்தில், மே மாதம், இதே கவுண்டரில் இதே விபூதிக்காரர் 2,400 ரூபாய் அறைக்கு என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும். ஓட்டல் படங்களிலும் நீச்சல் குளம் கடல் மாதிரிதான் தெரிகிறது. பத்துப் பேருக்கு ஐந்து அறை எடுத்தால் ராத்திரி யார் அறையில் கூடுவது என்பதிலேயே பொழுது போய்விடும். ஆனால் அங்கே ஒரு கவுண்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய் அவர் முகத்துக்கு எதிரே நிற்கலாம். அவர் வேறு சாவியை எடுத்துத் தருவார், இல்லை சண்டை போடுவார். எதுவாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுகளில் வாசலிலேயே '24 மணி நேர செக் அவுட்' என்று எழுதி வைத்திருப்பார்கள். விடிகாலை நாலு மணிக்குப் போனால் மறுநாள் நாலு மணி வரை அறை உங்களுடையது. நாங்கள் எடுத்த வீட்டில் பகல் ஒரு மணிக்கு உள்ளே, காலை பத்து மணிக்கு வெளியே. அவர்கள் ஊர்க் கடிகாரத்தில் ஒரு நாளுக்கு 21 மணி நேரம்.

அம்மாவையும் அத்தையையும் அங்கே விட்டுவிட்டு இருட்டில் திரும்பி வந்தேன். அன்று ராத்திரி அக்கா ஆசைப்பட்டது நடந்தது, பாதியாவது. தட்டுவடையும் சட்னியும் சேலத்திலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தோம். பிள்ளைகள் கேரட், பீட்ரூட்டைத் துருவி, வெங்காயம் நறுக்கி, கூடத்தில் பேப்பர் விரித்துத் தட்டுவடை செட் கடை போட்டார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது எங்களை ஏற்காட்டுக்கு முதலில் கூட்டி வந்த கதையை அக்கா சொன்னாள். பதினான்காவது வளைவில் நான் அவர் சட்டையில் வாந்தி எடுத்ததும், அவர் அந்தச் சட்டையை ஏரியில் அலசி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு திரிந்ததும். இந்தக் கதை ஓர் ஓட்டல் அறையில் வந்திருக்காது. கதவைத் தட்டி, 'சார், சாப்பாடு ஆர்டர் முடியுது' என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த ஒரு ராத்திரிக்காக நான் மறுபடி ஆப்பைத் திறப்பேன் என்று எனக்கே தெரியும், அதுதான் எரிச்சல். ஆனால் அம்மாவும் அத்தையும் அந்தக் கூடத்தில் இல்லை. அவர்கள் வருவதற்காகத்தான் வீடே எடுத்தது.

கிளம்பும்போது அண்ணன் பையை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், ஆப்புல ஸ்டார் கேக்கும். அஞ்சு போட்ருங்க சார். கொறஞ்சா ஓனரு என்னையத்தான் கேப்பாரு."

இந்த ஆப்களில் எல்லா வீடும் 4.8, 4.9 என்று மின்னுவது எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கீசரைச் சரிசெய்யாதவர் பெங்களூரில் இருக்கிறார். மதிப்பெண் வாங்குகிறவர் அண்டாவில் தண்ணீர் காய்ச்சியவர். முகம் தெரியாத ஓனருக்கு மூன்று போட யாருக்கும் கை கூசாது. இந்த முகத்துக்கு எப்படிப் போடுவது? அதோடு, நாம் வீட்டுக்கு மதிப்பெண் போடுவது போல வீட்டுக்காரரும் நமக்குப் போடுவார். மோசமாக எழுதினால் அடுத்த தடவை வீடு கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஓர் உதறல் வேறு. நாம் எழுதுவது அவருக்கும், அவர் எழுதுவது நமக்கும், இருவரும் எழுதி முடித்த பிறகுதான் தெரியும், இல்லாவிட்டால் கெடு முடிய வேண்டும்.

பத்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து, பார்த்துக்கொள்பவருக்கு ஐந்து, வீட்டுக்கு மூன்று என்று பிரித்து எழுதினேன். 31 படி, கைப்பிடி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் வர வேண்டாம், குளிர்காலத்தில் கீசரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சாவி மீட்டர் பெட்டியில் இருக்கும் என்று எழுதி, கடைசி வரியைப் பாதுகாப்பு கருதி அழித்துவிட்டு, அனுப்பினேன்.

அடுத்த நிமிடமே ஓனர் எங்களைப் பற்றி எழுதியிருந்தது திறந்தது. நான்கு ஸ்டார்.

'நல்ல குடும்பம். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். வெந்நீர் மட்டும் அதிகம் கேட்டார்கள்.'